நாக்குப் போகிற இடம்

நாக்கு மறுபடியும் அங்கே போய்விட்டது. யாரும் அனுப்பவில்லை, தானாகவே போய்விட்டது, அடிபட்ட நாய் தன் புண்ணையே நக்கிக்கொண்டிருப்பதுபோல மேல்வரிசையில் வலப்பக்கத்து முன்பல்லின் முதுகில் போய் ஒட்டிக்கொண்டு, லேசாக ஒரு அழுத்து, பிறகு ஒரு விடு, பல் முன்னால் போய்ப் பின்னால் வருகிறது, ஈர மண்ணில் சரியாக ஊன்றாத முளைக்குச்சி மாதிரி, ஒவ்வொரு அசைவுக்கும் ஈறின் அடியிலிருந்து ஒரு வலி மூக்குத் தண்டு வழியாக ஏறிக் கண்ணுக்குப் பின்னால் எதையோ குத்திவிட்டு இறங்குகிறது. "நாக்கால தொடாதீங்க சார், தொடாம இருந்தா அது பாட்டுக்கு வேர் புடிச்சுக்கும்" என்று டாக்டரம்மா பதினாலு நாளைக்கு முன்னால் சொல்லித்தான் அனுப்பினார். தொடாமல் வைத்துக்கொள்வது எப்படி என்று சொல்லவில்லை. கையைக் கட்டலாம், காலைக் கட்டலாம், கண்ணைக் கட்டலாம், கண்ணைக் கட்டத்தான் கட்டினோமே என்று நினைப்பு அவ்வளவு தூரம் வந்ததும் தில்லைநாயகம் சட்டென்று தலையைத் தூக்கி எதிர்ச்சுவரைப் பார்த்தான். சுவரில் புகையிலை தின்றவனின் வாய் ஒன்று கதவளவுக்குப் படமாகத் தொங்கியது. அரசு ஆஸ்பத்திரி மாடியில் பல் பிரிவு, ஒன்றோடொன்று பற்றவைத்த இரும்பு நாற்காலிகள், அவற்றில் கன்னம் வீங்கியவர்களும் துண்டால் வாயைப் பொத்தியவர்களும். அவன் சீட்டில் முப்பத்தொன்று. உள்ளே இப்போது இருபத்திரண்டு ஓடுகிறது, கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ சுழன்று கிறீச்சிட்டது, நின்றது, யாரோ "ஆ" என்றார்கள், மறுபடி சுழன்றது. இன்றைக்குப் பல்லை அசையாமல் பிடிக்கப் போட்ட கம்பியை எடுத்துவிட்டுப் பல் நிற்கிறதா நிற்கவில்லையா என்று பார்த்துச் சீட்டு எழுதுவார்கள். அந்தச் சீட்டுக்காகத்தான் கீழே டீக்கடையில் ராஜவேலு நிற்கிறான். சித்தப்பா மகன், தம்பி முறை, போலீஸ் ஸ்டேஷனுக்கு மனு எழுதினவன் அவன்தான், கையெழுத்து மட்டும் தில்லைநாயகத்தினுடையது, உதடு கிழிந்து ரத்தம் நிற்காத மத்தியானத்தில் போட்டது. என் தங்கை பூங்காவனத்தின் புருஷன் சாரங்கபாணி முன்பகையை மனதில் வைத்து, உறியடியைச் சாக்காக்கி, கழியால் வேண்டுமென்றே என் வாயில் அடித்தான் என்று மனு. அதன்மேல் ஒரு சொட்டு ரத்தமும் விழுந்து காய்ந்திருந்தது. அதை ராஜவேலு துடைக்கவிடவில்லை. இன்று காலை பல் தேய்க்கும்போது கம்பியை அந்தப் பல்லோடு பிடித்து வைத்திருந்த வெள்ளைப் பொட்டு மட்டும் பெயர்ந்து எச்சிலோடு வந்ததை ராஜவேலு பார்த்துவிட்டான். பக்கத்துப் பற்களில் கம்பி இருக்கிறது, இந்தப் பல்லை மட்டும் அது சும்மா தாண்டிப் போகிறது. பல் இப்போது தனியாள். அப்போதே ராஜவேலு கிட்டே வந்து காதில் சொன்னான், "அண்ணே, ஆடுற பல்லுக்கு வக்கீலு ஆயிரம் பேசுவான். முன்னாடியே ஆடிச்சும்பான், சக்கரை வியாதிம்பான். வுழுந்த பல்லுக்கு எவன் பேசுவான்? பல்லு போச்சுன்னு சீட்டு வந்துட்டா அவன் உள்ளதான். ஒரே ஒரு தள்ளு. நாக்காலயே தள்ளு. யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்குத் தெரியப் போகிறது. தள்ளினால் விழும். விழுந்தால் சாரங்கபாணி ஜெயிலில் இருப்பான், அவனுடைய அகலமான முகம், பலாப்பழ மூட்டை தூக்கித் தூக்கிக் காப்புக் காய்த்த தோள், எல்லாம் ஒரு கம்பிக்கதவுக்குப் பின்னால். போதாது. போதவே போதாது. தில்லைநாயகம் இந்தப் பதினாலு நாளில் அவனைப் பலமுறை அடித்து முடித்திருந்தான். கஞ்சியை ஸ்பூனால் உறிஞ்சும்போது ஒருதரம், மல்லாந்து படுத்து நாக்கு விழித்துக்கொள்கிற நேரத்தில் ஒருதரம். ஒரு கருங்கல்லை அவன் வாய்க்குள் திணித்துக் கீழ்த்தாடையை முழங்காலால் தூக்கினான், மேலும் கீழுமாகப் பற்கள் உடைகிற சத்தம் பச்சைச் சோளத்தைக் கடிப்பதுபோலக் கேட்டது. அவன் தலைமுடியைப் பிடித்து மண்டி வாசல் சிமெண்ட் படியில் ஒரு மோது, இன்னொரு மோது, ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டு. ஒருதரம் கனவில் அந்தப் பற்களைத் தட்டில் போட்டு யாரோ அவன் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள், அவன் அவற்றைச் சோற்றோடு பிசைந்தான், பிசையும்போது ஒன்று மட்டும் ஆடியது, விழித்துப் பார்த்தால் நாக்கு அங்கே போயிருந்தது. கடைசியில் எல்லா அடியும் இங்கேதான் வந்து முடிகிறது, இந்த ஒரு பல்லில், அதன் முதுகில். கோகுலாஷ்டமிக்கு மறுநாள் அது. கிருஷ்ணன் கோவில் தெருவில் கயிறு கட்டிப் பானையைத் தொங்கவிட்டு, ஒருவன் மேலே இழுக்க ஒருவன் கீழே விட, பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்க, ஆட வருகிறவனின் கண்ணை அவன் மச்சான் கட்ட வேண்டும் என்பது இந்தத் தெருவில் ஒரு முறை. பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் கட்ட வேண்டும், வேறு யார் கட்டினாலும் கட்டு இளகிவிடும் என்பார்கள். பத்தொன்பது வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்தவன், இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட இந்த முறையைச் செய்யாதவன், அன்றைக்கு எல்லோரும் பிடித்துத் தள்ளியதில் எழுந்து போய், "என்னா மாப்ள, கட்டலாமா?" என்று கேட்டான். சாரங்கபாணி பதில் சொல்லாமல் குனிந்து தலையைக் கொடுத்தான். அந்தப் பிடரியைப் பார்த்தபோது கைக்கு ஏதோ ஆயிற்று. மூன்று மடிப்பு மஞ்சள் துணி, ஈரத் துணி, முழங்காலை அவன் முதுகில் ஊன்றாத குறையாக இழுத்து முடிச்சுப் போட்டான், மண்டையோடு நெரிகிற மாதிரி. ஒரு நூல் வெளிச்சம்கூட உள்ளே போயிருக்காது. அப்படியானால் அவன் பார்த்து அடிக்கவில்லை. கட்டினவன் நானே அதற்குச் சாட்சி. பார்க்காமல் அடித்தான் என்றால் வேண்டுமென்று அடிக்கவில்லை. இல்லை, இல்லை, அது அவ்வளவு சுலபமில்லை, அவன் பலா மண்டியில் வேலை செய்கிறவன், குவியலில் கிடக்கிற பழத்தைச் சவுக்குக் கழியின் நுனியால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தை வைத்தே இது நாளைக்குப் பழுக்கும், இது நாலு நாள் ஆகும் என்று பிரித்துப் போடுகிறவன், காதால் பார்க்கிறவன். அவன் கண்ணைக் கட்டி என்ன பயன்? பல் முன்னால் போய்ப் பின்னால் வந்தது. வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பிய ருசி.

மஸ்கட்டில் அவன் சேஃப்டி ஆபீசர். கட்டடம் எழும்புகிற தளங்களில் காலை ஐந்தரை மணிக்கு ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு இந்தியிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்துவான், சுழல்கிற எதற்கும் ஒரு வட்டம் உண்டு, வட்டத்துக்குள் நிற்காதே. கிரேனுக்கு வட்டம் உண்டு, சங்கிலிக்கு உண்டு, மண்வெட்டிக்கு உண்டு. கண்ணைக் கட்டிய ஒருவனின் கையில் ஏழடிக் கழியைக் கொடுத்தால் அதற்கும் உண்டு. கட்டிவிட்டு வந்து தில்லைநாயகம் தூரத்தில்தான் நின்றிருந்தான், கோவில் மதில் ஓரத்தில், எல்லோருக்கும் பின்னால். எப்போது வட்டத்துக்குள் வந்தான்? விபத்து நடந்தால் ஒரு படிவம் உண்டு, அதை நிரப்ப ஒரு வழி உண்டு, ஐந்து முறை ஏன் என்று கேட்க வேண்டும், ஐந்தாவது ஏனில்தான் மூலக்காரணம் ஒளிந்திருக்கும் என்பது அங்கே பாடம். பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு அதற்குமேல் ஆங்கிலத்தில் அடிவாங்கித் தேறியவன் அவன், அந்தப் படிவத்தின் ஆங்கிலம் அவனுக்குப் பிடித்திருந்தது, அதில் யாரும் யாரையும் அடிப்பதே இல்லை, ஒரு பொருள் ஒரு நபரோடு தொடர்புக்கு வருகிறது, அவ்வளவுதான். ஒரு பீகார்க்காரன், பேர்கூட இப்போது நினைவில்லை, ஆடிக்கொண்டிருந்த கொக்கி அவன் வாயோடு தொடர்புக்கு வந்தது. அவன் தன் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றி, பாத்திரம் மாதிரிப் பிடித்துக்கொண்டு, அதற்குள் துப்பினான், சிவப்பாகவும் வெள்ளையாகவும், துப்பிவிட்டு அதை தில்லைநாயகத்திடம் நீட்டினான், நீயே வைத்துக்கொள் என்பதுபோல. கிரேன் ஓட்டியவன் பதினாறு மணி நேரம் தூங்காமல் இருந்தான், அது எல்லோருக்கும் தெரியும். படிவத்தில் தில்லைநாயகம் என்ன எழுதினான்? தொழிலாளி வட்டத்துக்குள் நின்றிருந்தார். இரண்டாவது ஏனிலேயே நிறுத்திவிட்டான். அதற்குமேல் கேட்டிருந்தால் அவனுக்கே வேலை போயிருக்கும். இப்போது கேள். உட்கார்ந்துகொண்டு சும்மாதானே இருக்கிறாய், கேள். ஏன் பல் ஆடுகிறது? கழி பட்டது. கழி ஏன் அங்கே வந்தது? அவன் பானையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினான். ஏன் திரும்பினான்? குரல் கேட்டுத் திரும்பினான், உறியடியில் அதுதானே விளையாட்டு, ஆளாளுக்குக் கத்துவார்கள், சோத்தாங்கைப் பக்கம் வா, பீச்சாங்கைப் பக்கம் போ, பின்னால பின்னால, எல்லாம் பொய், பொய்யைச் சொல்லிச் சொல்லியே ஆளைச் சுற்ற விடுவார்கள். நீயும் கத்தினாய். கத்தினேன். என்ன கத்தினாய்? சோத்தாங்கைப் பக்கம் வா மாப்ள என்று கத்தினேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் அதைத்தான் சொன்னேன், ஸ்டேஷனிலும் அதைத்தான் சொன்னேன். ஏன் கத்தினாய்? நாக்கு வழுக்கிக்கொண்டு கம்பியின் கூர்முனையில் போய் மாட்டிக் கிழிந்தது. "இருபத்தஞ்சு" என்று கதவு திறந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள்.

அவன் எச்சிலை விழுங்கினான். கூப்பிட்டபோது எழுந்த கிழவர் காலை மாற்றி மாற்றி வைத்து நடந்தார், செருப்பு தரையில் தேய்ந்தது, சரக், சரக், ஆஸ்பத்திரியில் செருப்பை வெளியே விடச் சொல்லக் கூடாதா, செருப்புச் சத்தம் அவனுக்குப் பிடிக்காது, பதினோரு வருஷமாகப் பிடிக்காது. விடுப்பில் வந்திருந்தான் அப்போது. வருவதற்கு நாலு நாள் முன்னால் ராஜவேலு போனில் சொல்லியிருந்தான், அண்ணே, அக்காவெப் போட்டு அடிச்சிருக்கான், கன்னமெல்லாம் வீங்கிக் கெடக்குது, நீ ஒரு ஆம்பளை இருக்கறதா இல்லியா. விமானத்தில் நாலு மணி நேரமும் அந்த வீங்கிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான். பெட்டியைக்கூட வீட்டில் இறக்காமல் நேரே மண்டி வாசலுக்குப் போய், லாரியில் பழம் ஏற்றிக்கொண்டிருந்தவனை இறங்கச் சொல்லி, வலதுகால் செருப்பைக் கழற்றினான். மஸ்கட்டில் வாங்கிய தோல் செருப்பு, கனமான அடி. முதல் அடி கன்னத்தில். இரண்டாவது காதோடு. மூன்றாவது வாயில். மண்டியே நின்று பார்த்தது, தரகர்கள், கூலிக்காரர்கள், பழம் வாங்க வந்த பெண்கள், சாரங்கபாணி கையைத் தூக்கவே இல்லை, ஒரு பழத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றான், பழத்தின் முள் அவன் மார்பில் அழுந்துவது தெரிந்தது. அந்த அடியில் ஒரு ருசி இருந்தது, அதை மறுக்க முடியாது, கை தோள்வரை இனித்தது. அதற்குப் பிறகு சாரங்கபாணி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்லது கெட்டதில் பார்த்தால் வாங்க மச்சான் என்பான், இலையில் உட்கார்ந்தால் பக்கத்து இலையில் உட்காருவான். பதினோரு வருஷம். திருப்பி அடித்தவனை மறந்துவிடலாம், அடி வாங்கிக்கொண்டு வாங்க மச்சான் என்கிறவனை என்ன செய்வது, அவன் உள்ளே எங்கேயோ ஒரு கழியைச் சீவிக்கொண்டே இருக்கிறான் என்று ஒவ்வொரு வருஷமும் தோன்றும், எப்போது வரும், எப்போது வரும். அதனால்தான் கத்தினேனா? சுற்றிலும் சிரிப்பும் மஞ்சள் தண்ணீருமாக இருக்க, அவன் குருடனைப் போலக் கழியை நீட்டிக்கொண்டு தடவித் தடவி வந்தபோது, பயந்து, ஆமாம், பயந்துதான், மதிலோரத்திலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நாலு அடி தூரத்தில் நின்று கத்தினேன். சோத்தாங்கைப் பக்கம் என்றல்ல. "என்னா மாப்ள, செருப்பெக் காட்டுனாத்தான் வழி தெரியுமா?" அதைத்தான் கத்தினேன். சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு ஒரு பள்ளம். கழி மண்ணைத் தொட்டது, அது நினைவிருக்கிறது, அவன் கழியை இறக்கிவிட்டான். இறக்கிய கழி எப்படி வாய்க்கு வந்தது? பள்ளத்தில் ஏதோ ஒரு சத்தம் கிடக்கிறது, எட்டிப் பார்த்தால் தெரியவில்லை, அதற்கு அந்தப் பக்கம் நேராக வெள்ளை, பிறகு மண், பிறகு மண்ணில் என் ரத்தத்தைக் கொத்திக்கொண்டு ஒரு கோழி. தள்ளினால் என்ன? தள்ளிவிட்டால் இதெல்லாம் முடிந்துவிடும், கேள்வியே இருக்காது, விழுந்த பல் யாரையும் எதையும் கேட்காது. அவன் நாக்கைக் கூராக்கிப் பல்லின் முதுகில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். தள்ளினான். வேரில் ஏதோ ஒன்று நூல் அறுவது மாதிரி பிட் என்றது, வாயில் சூடாகக் கசிந்தது.

"தள்ளி உக்காரு." அவன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தான். பூங்காவனம் நின்றுகொண்டிருந்தாள், வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற ஆண்பிள்ளைச் சட்டையைச் சேலைக்கு மேலேயே போட்டபடி, முந்திரிக்கொட்டை வறுத்த புகை நாற்றத்தோடு. கொட்டை உடைக்கிற கொட்டகையிலிருந்து பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். அவன் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான், அவள் அவன் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "கஞ்சி குடிச்சியா?" அவன் தலையை ஆட்டினான். "பேசாத, பேசுனா ஆடும்ல? நான் பேசறேன், நீ கேளு. என்னைக்கு நீ கேட்டிருக்கே, இன்னைக்காவது வாயெக் கம்பி போட்டுக் கட்டியிருக்காங்க." அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "கீழ ராஜவேலு நிக்கறான். என்னெப் பாத்ததும் டீ கிளாஸுக்குள்ள மூஞ்சியெ வுட்டுக்கிட்டான்." அவன் எச்சிலை விழுங்கிவிட்டு, உதட்டை அதிகம் திறக்காமல், "உன் வூட்டுக்காரன் எங்க?" என்றான். "முந்திரித் தோப்புல படுத்துக் கெடக்கறாரு, போலீசுக்குப் பயந்துக்கிட்டு. நான்தான் சோறு கொண்டு போறேன். ஜெயிலுக்குப் போயிட்டா சோறு அவங்களே போட்டுருவாங்க, எனக்கு நடை மிச்சம்." "கேஸு வேணாம்னு சொல்ல வந்தியா?" "பாரு, நீயே கேட்டுக்கறே, நீயே சொல்லிக்கறே." அவள் தன் விரல்களை மடியில் பிரித்து வைத்துப் பார்த்துக்கொண்டாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு நகக்கண்ணெல்லாம் கருகி, பெருவிரலில் தோல் உரிந்து உரிந்து ரேகையே இல்லாமல் போயிருந்தது. அதை அவன் இதற்கு முன்னால் பார்த்ததில்லை, அல்லது பார்த்திருக்கிறான், கண்ணில் பட்டதில்லை. "பதினோரு வருசத்துக்கு முன்னாடி அவரு என்னெ ஒருதரம் அடிச்சாரு. உண்மைதான். நான் கொதிக்கற வடிகஞ்சியெத் தூக்கிக்கிட்டு நின்னேன், மூணு நாளு வாசல்லதான் படுத்தாரு. வூட்டுக்குள்ள வரணும்னா என்னெக் கேட்டுத்தான் வரணும்னு இருந்துச்சி. நீ ஏரோப்ளேன்ல வந்து எறங்குனே. மண்டி வாசல்ல செருப்பெக் கழட்டுனே. அதுக்கு முன்னாடி என்னெ ஒரு வார்த்தெ கேட்டியா? பதினஞ்சாம் நாளு உனக்கு லீவு முடிஞ்சிது, நீ போயிட்டே. அந்தச் செருப்படியெ அவரு எங்க கொண்டுபோயி எறக்கி வச்சிருப்பாருன்னு நெனக்கறே?" கதவுக்குப் பின்னால் அந்த எந்திரம் சுழன்றது. அது நிற்கிறவரை அவள் காத்திருந்தாள். "ஒரு வருசம். தெனமும் இல்ல. எப்பன்னு தெரியாது, அதான். கொழம்புல உப்பு கம்மியா, மண்டியில எவனாவது சிரிச்சானா, எதுக்குன்னு தெரியாது. அப்புறம் அவரே அலுத்துப்போயி வுட்டுட்டாரு. நீ மாசா மாசம் போன் பண்ணி நல்லா இருக்கியான்னு கேப்பே. நானும் நல்லா இருக்கேம்பேன். எனக்கு என்னா பயம் தெரியுமா? உண்மையெச் சொன்னா மறுபடியும் வந்து எறங்கிடுவியேன்னு."

அப்படியானால் அவன் அடித்த மூன்று அடியும் மண்டி வாசலில் நிற்கவில்லை, வீடுவரை நடந்து போயிருக்கின்றன, கதவைச் சாத்திக்கொண்டிருக்கின்றன. என் கைதான் அங்கே இருந்தது, ஒரு வருஷம், நான் மஸ்கட்டில் வட்டத்துக்குள் நிற்காதே என்று கத்திக்கொண்டிருந்த ஒரு வருஷம். "என்னா கத்துனேன்னு ஊருல சொல்லிக்கிட்டுத் திரியறே?" என்று அவள் கேட்டாள். "சோத்தாங்கைப் பக்கம்னு…" "அண்ணே." அவள் குரலை உயர்த்தவில்லை. "மஞ்சத் தண்ணிக் கொடத்தோட உனக்கு நாலடி பின்னாடி நின்னேன் நான்." அவன் தலை குனிந்தான். இனி அவள் அந்த வார்த்தையைச் சொல்வாள், செருப்பு என்ற வார்த்தையை, இத்தனை பேர் நடுவில். அவள் சொல்லவில்லை. "நீ சொன்னதெக் கேட்டதும் அவரு நின்னுட்டாரு. கழியெ எறக்கி மண்ணுல ஊணிட்டாரு. ஒரு கையத் தூக்கிக் கண்ணுக்கட்டெ அவுக்கப் பாத்தாரு, அவுக்க முடியல, நீ போட்ட முடிச்சு. துணியெல்லாம் நனஞ்சிருந்துச்சி, மஞ்சத் தண்ணியா வேற என்னாவான்னு எனக்குத் தெரியல. அம்புட்டுப் பேரும் வாயெப் பொத்திக்கிட்டு நின்னாங்க. அப்பதான் நான் கத்துனேன்." பள்ளத்தில் கிடந்த சத்தம் அசைந்தது. அது ஒரு பெண்ணின் குரல், மிகவும் பக்கத்தில், முதுகுக்குப் பின்னால். "நேரா ஒரு எட்டு வச்சி அடின்னேன். உறியடியில எல்லாக் குரலும் பொய்யி, பொண்டாட்டி குரலு ஒண்ணுதான் மெய்யின்னு ஆட வர்ற ஒவ்வொரு ஆம்பளைக்கும் தெரியும். நான் சொன்னா அங்க பானை இருக்கும்னு நெனச்சாரு மனுசன். பானைன்னு நெனச்சுத்தான் அடிச்சாரு. இப்பவும் எங்கிட்ட கேக்கல, ஏண்டி சொன்னேன்னு. தோப்புல உக்காந்துக்கிட்டு, நான் காது கெட்டுப்போயி அடிச்சிட்டேன் போலருக்குங்கறாரு."

அவளை அறைய வேண்டும் என்று அவன் கை எழுந்தது. உண்மையிலேயே எழுந்தது, நாற்காலிக் கைப்பிடியிலிருந்து ஒரு சாண், அவள் அதைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், முகத்தைத் திருப்பவில்லை, பழக்கப்பட்டவள் மாதிரி கன்னத்தின் ஒரு பக்கம் மட்டும் தானாக இறுகியது. அந்த இறுக்கத்தைப் பார்த்ததும் அவன் கை அந்தரத்திலேயே நின்றது. அது தன் கை இல்லை என்றும் தன் கைதான் என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் கொண்டுபோய் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். பதினாலு நாளாக அடித்து நொறுக்கிய ஒரு முகம் கண்ணுக்கு முன்னால் பானையைத் தேடிக்கொண்டு நின்றது, வாய் நிறையப் பல்லோடு, கண்ணில் ஈரத் துணியோடு. அடிக்க ஆளில்லாமல் போய்விட்டது. ஒரு படிவம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. பல் இதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் தன் பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. கடைவாயில் கசிந்ததை அவன் புறங்கையால் துடைத்தபோது சிவப்பாக வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள். "தள்ளுனியா?" அவன் புறங்கையை நாற்காலி விளிம்பில் தேய்த்தான். "ராஜவேலு சொன்னானா?" அவன் படிக்கட்டுப் பக்கம் பார்த்தான். "பாதி தள்ளியிருக்கே. மீதியெ எப்பத் தள்ளப் போறே, டாக்டரம்மா முன்னாடியா?" அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது, நாற்பத்தெட்டு வயதில், இந்தப் பெண்ணிடம் தான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, நல்லா இருக்கியா என்பதைத் தவிர, அதற்கும் பதில் வேண்டிக் கேட்டதில்லை. "நீ சொல்லு" என்றான். "தள்ளவா, வேணாமா?" வார்த்தைகள் காற்றும் எச்சிலுமாக வந்தன. "நீ சொல்லு பூங்கா." "நான் சொல்லணுமா?" என்றாள். அவன் வாயைத் திறந்தான். சொல்வதற்கு இல்லை, சும்மா திறந்தான், அகலமாக, நாலு பேர் பார்க்க, புகையிலைப் படத்துக்கு எதிரில், திறந்தபடியே வைத்துக்கொண்டிருந்தான்.

அவள் கையை நீட்டினாள். அந்தக் கருகிய பெருவிரல் உதட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது. புகையும் சாம்பலும் எண்ணெயுமாக ஒரு காரம் நாக்கில் பட்டு எரிந்தது. விரல் பல்லின் முதுகைத் தேடிப் போய்ச் சரியாக அங்கே உட்கார்ந்தது. பிறகு அழுத்தியது. மெதுவாக இல்லை. அடுக்கடுக்காகக் கொட்டை உடைக்கிற விரல், எவ்வளவு அழுத்தினால் ஓடு பிளக்கும் என்று தெரிந்த விரல், வெளிப்பக்கமாக அழுத்தியது, அவன் மண்டைக்குள் வெளிச்சம் சிதறியது, தொடைக்கு அடியில் மாட்டியிருந்த கையை உருவி நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் விரல் முழுவதும் அவன் பற்களுக்கு நடுவில் இருந்தது. ஒரு கடி போதும், எலும்புவரை போகும். தாடை கடிக்கச் சொன்னது, கழுத்து நரம்பு கடிக்கச் சொன்னது, அவன் தாடையைப் பிடித்து நிறுத்தினான், கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்கு ஓடியது, அவள் முகம் மிகவும் கிட்டே இருந்தது, மூச்சு மேலே பட்டது, அந்த முகத்தில் கோபம் இருந்தது, கோபத்துக்குக் கீழே இன்னொரு கோபம், அதற்கும் கீழே பதினோரு வருஷம் பழைய ஒரு கன்னம். பல் போகப் போகிறது என்று தெரிந்தது. போகட்டும். பக்கத்து நாற்காலிப் பெண் "ஐயோ, என்னம்மா பண்றே?" என்றாள். பூங்காவனம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. விரல் நின்றது. நின்று, பல்லைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, கம்பிக்கு அடியில் வைத்து, அதே பலத்தோடு உள்ளே தள்ளியது, இருந்த இடத்துக்கு, அது ஒரு கடைசிக் குத்தலோடு போய் உட்காரும்வரை. விரலை எடுத்து ரத்தத்தோடு சட்டையில் துடைத்துக்கொண்டாள். "முப்பத்தொண்ணு, தில்லைநாயகம்" என்று நர்ஸ் கதவைத் திறந்தாள். பூங்காவனம்தான் முதலில் எழுந்தாள், அவன் கையிலிருந்த சீட்டை உருவிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனான். உள்ளே டாக்டரம்மா மூக்குக்குக் கீழே இறங்கியிருந்த முகக்கவசத்தோடு பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "வாங்க சார், உக்காருங்க. போலீசுக்கு எழுதணும்ல, ஒருதரம் பாத்துட்டு எழுதிடறேன். நீங்க யாரும்மா, இவருக்கு என்ன வேணும்?" தங்கச்சி என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான்.

"அடிச்சவ" என்றாள் பூங்காவனம்.